மூன்று நொடி

வேனிலிருந்து இறங்கியவர்களை சபரிநாதன் எண்ணினான். இருபத்திரண்டு. பூங்கா வாசலில் சீட்டு வாங்கி ஒவ்வொருவராக உள்ளே விட்டபோது மறுபடியும் எண்ணினான். அணைக்கரைமேல் ஏறி நின்றதும் மூன்றாவது முறை எண்ணத் தொடங்கினான்.

"என்ன தம்பி, சந்தைக்கு ஓட்டியாந்த ஆடு கணக்கா எண்ணிக்கிட்டே இருக்கீக?" என்றாள் முருகம்மாள். "ஒண்ணு ரெண்டு குறைஞ்சாலும் நல்லதுதான். கறிச்சோறு மிஞ்சும்."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். சபரிநாதன் சிரிக்கவில்லை. அவன் சிரித்துப் பதினாலு மாதம் ஆகிறது என்பது அந்த வேனில் வந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இருபத்திரண்டு பேரைக் கூட்டிட்டுப் போறீங்க. இருபத்திரண்டு பேரைக் கொண்டாந்து விட்ருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று முதலாளி லட்சுமிகாந்தம் காலையில் கம்பெனி வாசலில் சொல்லியிருந்தார். சொல்லாவிட்டாலும் அவன் அதைத்தான் செய்திருப்பான். ஆட்களை முழுசாக வீட்டுக்கு அனுப்புவது ஒன்றைத் தவிர அவனுக்கு இப்போது வேறு வேலை இல்லை. வேறு ஆசையும் இல்லை.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில், மறுபடி பூஜை போட்டுத் திறப்பதற்குள், ஆட்களை ஒருநாள் சுற்றுலா கூட்டிப் போவது அந்தக் கம்பெனியின் வழக்கம். எப்போதும் குற்றாலம்தான். இந்த ஆண்டு அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அதனால் நொச்சிக்குண்டு அணை. பெயர்தான் அணை. ஓடையை மறித்துப் போட்ட நீளமான மண்கரை, நடுவில் ஐந்து ஷட்டர், அவ்வளவுதான். இருபது வருடமாக அதில் சீமைக்கருவேல மரம்தான் நிரம்பியிருந்தது. இந்த ஐப்பசியில் கொட்டிய மழையில் மரங்கள் மூழ்கித் தண்ணீர் கரையின் முக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் வந்த வேகத்தில் பூங்காவும் வந்தது. சிமெண்டில் ஒரு டைனோசர், நாலு காளான் குடை, மீன் வறுக்கும் கடைகள், கடைசியாக ஒரு மோட்டார் படகு. ஞாயிற்றுக்கிழமையானால் சாத்தூர், சிவகாசி, விருதுநகர் ஆட்களெல்லாம் அங்கேதான் கிடந்தார்கள்.

பெண்கள் டைனோசரின் வாலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஷட்டருக்குக் கீழே வழிந்த தண்ணீரில் கணுக்காலளவு இறங்கி நின்றார்கள். அதற்கு மேல் ஒருத்தியும் இறங்கவில்லை. கிணறுகள் வற்றிப்போன ஊர்களில் பிறந்தவர்களுக்கு நீச்சல் எங்கிருந்து வரும்? ஸ்ரீமதி மட்டும் முழங்கால்வரை போனாள். சபரிநாதன் கையைக் காட்டினான். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

சபரிநாதன் வேதியியல் பட்டம் வாங்கியவன். கம்பெனியில் போர்மேன். எந்த மருந்தை எதோடு எந்த அளவில் கலக்கலாம், எந்த அறையில் எத்தனை பேர் உட்காரலாம் என்று பார்ப்பது அவன் வேலை. அவன் மனைவி கீர்த்திகா பி.காம். படித்துவிட்டு அதே கம்பெனி ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். போன வருடம் ஆவணியில், சீசன் உச்சத்தில், பெட்டிகளில் லேபிள் மாறி ஒட்டியிருக்கிறது என்று யாரோ சொல்ல, அதைப் பார்க்க அவளே நேராகப் பேக்கிங் அறைக்குப் போனாள். அந்த நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து புகை வந்தது. அவளுக்கு அடுத்தாற்போல உட்கார்ந்திருந்தவள் முருகம்மாள்.

முருகம்மாள் எதையும் மறைக்கவில்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் காலில் கட்டோடு வந்து அவன் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்.

"'என்ன புகை அக்கா'ன்னு கேட்டா தம்பி. நான் பதில் சொல்லல. ஓடிட்டேன். வேலிகிட்ட விழுந்து முட்டு உடைஞ்சு, திரும்பிப் பாக்கேன், அறையைக் காணோம்."

"நல்லது செஞ்சீக" என்றான் சபரிநாதன்.

அவன் குத்திக்காட்டுகிறான் என்று அவள் நினைத்து அழுதாள். அவன் மனதாரத்தான் சொன்னான். கேள்வி கேட்டவள் போனாள், கேட்காதவள் பிழைத்தாள். அந்த ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவன் வீட்டில் தனியாகக் கடிகாரத்தை வைத்துச் சொல்லிப் பார்த்தான். என்ன புகை அக்கா. ஒன்றரை நொடி.

அதற்குப் பிறகுதான் விசில் வந்தது. பச்சை நிறப் பிளாஸ்டிக் விசில். கம்பெனிக்குள் இரும்பு கூடாது. அவன் வைத்த சட்டம் எளிமையானது. விசில் கேட்டால் எழு. என்ன ஏது என்று கேட்காதே. பக்கத்து ஆளைப் பார்க்காதே. திரும்பாதே. எந்த வாசல் கிட்டே இருக்கிறதோ அதன் வழியாக ஓடு. பட்டாசு அறைகளுக்கு நாலு பக்கமும் வாசல் இருப்பது அதற்காகத்தான். முதல் நாள் எல்லோரும் வெளியே வரப் பதினோரு நொடி ஆனது. அவன் நேரங்காலம் பார்க்காமல் ஊதினான். சாப்பாட்டுக் கையோடு ஓடவிட்டான். கதைபேசும்போது ஓடவிட்டான். மழையில் ஓடவிட்டான். இந்தத் தீபாவளிக்குள் நாலு நொடிக்குக் கொண்டுவந்துவிட்டான்.

எல்லோரிலும் முதலில் வெளியே நிற்பவள் ஸ்ரீமதி. இருபது வயது. பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் ஓடி மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். அவளுக்கு மூன்று நொடி போதும். "பாருங்க அந்தப் பிள்ளைய" என்று சபரிநாதன் மற்றவர்களுக்கு அவளைத்தான் காட்டுவான். எல்லோரிலும் கடைசி முருகம்மாள். அவளை அவன் திட்டாத நாள் இல்லை.

பதினோரு மணிவாக்கில் வேப்பமரத்தடியில் சேலை விரித்து உட்கார்ந்து வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தார்கள். ஷட்டரின் கைப்பிடிச் சுவரில் இளவட்டப் பயல்கள் நாலைந்து பேர் ஏறி நின்று படம் பிடித்தார்கள். அணைக் காவலாளி சோலைமலை, காக்கிச் சட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும், பைக்குள் கைவிட்டு ஒரு விசிலை எடுத்து நீளமாக ஊதினார்.

மீன் துண்டுகள் தரையில் விழுந்தன. இருபத்திரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள். சிலர் படிக்கட்டுப் பக்கம், சிலர் வேலிப் பக்கம், ஸ்ரீமதி எல்லோருக்கும் முன்னால் மீன் கடையைத் தாண்டி. யாரும் கத்தவில்லை. ஒருத்தியும் ஒருத்தியைப் பார்க்கவில்லை. பூங்காவுக்கு வந்திருந்த ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

அப்புறம்தான் அவர்களுக்கே புரிந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சோலைமலை பதறிப்போய் வந்தார். "என்னம்மா, பாம்பா?"

"பாம்பு இல்லண்ணே, எங்க போர்மேன்" என்றாள் ஸ்ரீமதி. சிரிப்பு மறுபடி கிளம்பியது.

சபரிநாதன் விஷயத்தைச் சொன்னான். சோலைமலைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நான் தொண்டைத் தண்ணி வத்த ஊதினாலும் அந்த மூதேவிக ஒருத்தனும் இறங்கமாட்டேங்கிறான். நீங்க என்னமோ பட்டாளம் மாதிரி வச்சிருக்கீக. எனக்கு ரெண்டு நாள் கடன் குடுங்க சார் இவுகளை."

சபரிநாதன் கடிகாரத்தைப் பார்த்திருந்தான். நாலு நொடி. கம்பெனிக்கு வெளியே, வேறு ஆள் ஊதிய விசிலுக்கு, வாயில் மீனோடு, நாலு நொடி. பதினாலு மாதமாக மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் லேசாக அசைந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அதற்குப் பக்கத்தில் ஒன்று.

முருகம்மாள் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தாள். "தம்பி, அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நாங்க கெளம்புற வரைக்கும் கையக் கிய்யக் காட்டி வெரட்டட்டும். ஊத வேணாம். ஒவ்வொரு மட்டமும் என்னால எந்திரிச்சு ஓட முடியாது."

"இருக்கட்டும்க்கா" என்றான் சபரிநாதன். "இதுவும் பழக்கம்தானே. எந்த இடத்துலயும் காது முழிச்சிருக்கணும்."

"சுத்திப் பாக்க வந்த இடத்துலயுமா?"

"எங்கன இருந்தா என்ன?"

அவள் போய் உட்கார்ந்தாள். சிந்திய மீனைப் பொறுக்கி ஊதித் தின்றாள்.

சாப்பாடு முடிந்ததும் படகுப் பேச்சு வந்தது. சபரிநாதனுக்கு இஷ்டமில்லை. வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவும் மனம் வரவில்லை. காலையில் ஓடிக்காட்டியவர்களுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று பட்டது. படகுத்துறைக்குப் போய்ப் பார்த்தான். படகுக்காரர் பெயர் வேலுச்சாமி. தூத்துக்குடியில் கடல் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

"எத்தனை பேர் ஏத்துவீங்க?"

"பன்னண்டு சார். அதுக்கு மேல கலெக்டரே வந்தாலும் ஏத்தமாட்டேன்."

"பதினொண்ணு ஏத்துங்க. ரெண்டு நடை."

ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை அவன் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். மூன்று சட்டைகளில் கொக்கி உடைந்து நைலான் கயிறு கட்டியிருந்தது. வேறு கேட்டான், இல்லை என்றார் வேலுச்சாமி. கயிறு வைத்த சட்டைகளை மாட்டியவர்களுக்கு அவனே முடிச்சுப் போட்டான். ஸ்ரீமதிக்கும் அவன்தான் போட்டான், இரட்டை முடிச்சு. ஒவ்வொருத்தியின் தோளையும் பிடித்துக் குலுக்கிப் பார்த்தான். மருந்து அறையில் தராசு பார்ப்பதுபோல, ஒன்று விடாமல் எல்லாம் பார்த்தான்.

பெண்கள் துறையில் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டார்கள். ஏறும் முன்னால் ஒவ்வொருத்தியும் படகின் இரும்புக் கம்பியை உள்ளங்கையால் தொட்டுவிட்டு ஏறினாள். கம்பெனியில் அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கைப்பழக்கம் அங்கேயும் கூடவே வந்திருந்தது.

"என்னம்மா, கோயில் படியா தொட்டுக் கும்பிடுதீக?" என்றார் வேலுச்சாமி.

"தண்ணியில பத்திக்கிட்டா என்ன செய்ய அண்ணாச்சி?" என்றாள் முருகம்மாள். முட்டு மடக்க முடியாமல் படகின் நடுப்பலகையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

படகு போனது. மிச்சம் பதினோரு பேரோடு சபரிநாதன் துறையில் நின்றான். தண்ணீர் செம்மண் நிறத்தில் அசைவில்லாமல் கிடந்தது. மூழ்கிய கருவேல மரங்களின் உச்சிக் கிளைகள் மட்டும் அங்கங்கே வெளியே தெரிந்தன. நீர்க்காகங்கள் அதில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைத்தன. நடு ஏரியில் வேலுச்சாமி மோட்டாரை அணைத்தார். படம் எடுத்துக்கொள்ள நேரம் கொடுக்கிறார் போலிருக்கிறது. சிரிப்புச் சத்தம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு கரைக்கு வந்தது. புதுச் சுடிதார் தெரிய வேண்டும் என்று ஸ்ரீமதி மிதவைச் சட்டையின் முடிச்சை அவிழ்த்தது கரையிலிருந்து தெரியவில்லை. "மாட்டு பாப்பா" என்று வேலுச்சாமி சொல்லியிருக்கிறார். "ஒரே ஒரு போட்டோண்ணே" என்றிருக்கிறாள். அதெல்லாம் பிறகு தெரிந்தது.

ஷட்டர் சுவரில் அந்தப் பயல்கள் மறுபடி ஏறியிருந்தார்கள். ஒருவன் கம்பியைத் தாண்டி வெளிப்பக்கமே இறங்கி நின்றான். சோலைமலை அவர்களை நோக்கி ஓடியதை சபரிநாதன் பார்த்தான். அவர் கை பைக்குள் போனதையும் பார்த்தான். விசில் வாய்க்குப் போனதையும் பார்த்தான்.

நடு ஏரியில் வேலுச்சாமி கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பினார். குபீரென்று கரும்புகை எழுந்தது. விசில் சத்தம் வந்தது.

துறையில் நின்ற பதினோரு பேரும் வேலியைப் பார்த்து ஓடினார்கள்.

சபரிநாதன் கடிகாரத்தைப் பார்த்தான்.

பழக்கம். விசில் கேட்டால் அவர்கள் ஓடுவார்கள், அவன் கடிகாரம் பார்ப்பான். நொடிமுள் நகர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கினான். படகு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. நாலு இடத்தில் தண்ணீர் தெறித்து அடங்கிக்கொண்டிருந்தது.

படகில் என்ன நடந்தது என்று முருகம்மாள் பிறகு சொன்னாள். விசிலும் புகையும் ஒன்றாக வந்ததும் எட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. கிட்டே இருந்த பக்கம் கால் வைத்தார்கள். முருகம்மாளால் எழ முடியவில்லை. "ஏட்டி, என்னடி?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே கைக்கு அகப்பட்ட இரண்டு பேரின் சேலையை இழுத்து மடியில் சாய்த்தாள். அவர்கள் மேல் இடறி வேறு இரண்டு பேர் விழுந்தார்கள். அந்தப் பாரத்தில்தான் படகு கவிழாமல் நின்றது. நாலு பேர் தண்ணீருக்குள் போனார்கள். முதலில் குதித்தவள் ஸ்ரீமதி.

வேலுச்சாமி பாய்ந்து மூன்று பேரை இழுத்துப்போட்டார். மிதவைச் சட்டை அவர்களைத் தூக்கிப் பிடித்திருந்தது. நாலாவது சட்டை ஆளில்லாமல், கயிறு அவிழ்ந்து, தனியாக மிதந்து போனது. வேலுச்சாமி மறுபடி மறுபடி முங்கினார். கையெல்லாம் முள் கீறி ரத்தத்தோடு வந்தார்.

சபரிநாதனும் தண்ணீரில் இறங்கினான். நெஞ்சளவு போனதும் சோலைமலை பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அவனுக்கும் நீச்சல் தெரியாது.

தீயணைப்பு வண்டி வந்தது. பட்டாசு ஊர்க்காரர்களுக்கு அந்த வண்டியை நன்றாகத் தெரியும். தண்ணீருக்காக அது வந்து அவர்கள் பார்த்ததில்லை. கயிற்றில் பாதாளக்கரண்டியைக் கட்டி வீசி வீசி இழுத்தார்கள். கரண்டியில் கருவேலங்கிளைகள் வந்தன. ஒரு பழைய வலை வந்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு ஸ்ரீமதி வந்தாள். துப்பட்டா முள்ளில் சுற்றியிருந்ததால் கிளையோடு சேர்த்துத்தான் அவளைத் தூக்க முடிந்தது. அந்த இடம் படகு நின்றதிலிருந்து பத்தடிகூட இல்லை. அவள் மேலே வரப் பார்த்திருக்கிறாள். மரம் விடவில்லை.

துறையில் ஒரு ஜோடி செருப்பு மிஞ்சியிருந்தது. முருகம்மாள் அதைச் சேலைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். சபரிநாதன் வேன் படியில் நின்று எண்ணினான். இருபத்தொன்று. மறுபடி எண்ணினான். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. "போதும் தம்பி. ஏறுங்க" என்றாள் முருகம்மாள்.

விசாரணை சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் நடந்தது. விசாரித்த அதிகாரி ஓர் அம்மா. கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார். கொக்கி உடைந்த சட்டையைக் கொடுத்ததாக வேலுச்சாமிமேல் வழக்குப் பதிவாகியிருந்தது. படகை நிறுத்திவிட்டார்கள்.

"முடிச்சு நான்தான் போட்டேன். முடிச்சு சரியாத்தான் இருந்துச்சு" என்றான் சபரிநாதன். "அவங்க குதிச்சது வேற காரணம்."

முதலிலிருந்து சொன்னான். விசிலைப் பற்றிச் சொன்னான். காலையில் மீன் தின்றதை, முருகம்மாள் கேட்டுக்கொண்டதை, தான் மறுத்ததைச் சொன்னான். கடிகாரம் பார்த்ததையும் விடவில்லை. அந்த அம்மா ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"உங்க மனைவி விஷயம் எனக்குத் தெரியும். ஒண்ணு கேக்குறேன். இந்தப் பயிற்சியை இனிமே நிறுத்திடுவீங்களா?"

அவன் சட்டைப்பையில் கிடந்த பச்சை விசிலைத் தொட்டுப் பார்த்தான். அவர் காத்திருந்தார். பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

வெளியே புங்கமரத்தடியில் சோலைமலை நின்றார். அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். காக்கிச் சட்டை போடாமல் வந்திருந்ததால் அவன் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

"நான் ஊதாம இருந்தா அந்தப் பய விழுந்திருப்பான் சார்."

"தெரியும்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஓடிப்போய்ச் சட்டையப் பிடிச்சு இழுத்திருப்பேன். ஊதியிருக்கமாட்டேன்."

"ஆமா."

 சபரிநாதன் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

கார்த்திகைக் கடைசியில் கம்பெனியைத் திறந்தார்கள். பூஜை போட்டு, பொரிகடலை கொடுத்து, புதுசாக ஆட்கள் எடுத்தார்கள். ஸ்ரீமதி உட்கார்ந்த இடத்தில் வினோலியா என்று ஒரு பெண் வந்தாள். பதினெட்டு முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மா முந்தின வருடம்வரை வேறொரு கம்பெனியில் திரி வெட்டியவள். செம்புத் தகட்டை எப்படித் தொட வேண்டும் என்று சபரிநாதன் அவளுக்குக் காட்டினான். விசிலைப் பற்றியும் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் நாள் அவன் ஊதவில்லை. இரண்டாம் நாளும் ஊதவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் முருகம்மாள் நொண்டிக்கொண்டு வந்தாள்.

"எல்லாரும் காதை விசில் பக்கமே வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காளுக தம்பி. கையில வேலை ஓட மாட்டேங்குது. ஊதினா ஊதிருங்க. இல்லைன்னா இனிமே இல்லைன்னு சொல்லிருங்க."

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"எங்கிட்டக் கேக்காதீக." அவள் தன் கையைப் பார்த்தாள். வெள்ளி மருந்து படிந்து விரல்கள் மினுங்கின. "அன்னைக்கு உங்க பொண்டாட்டி கேட்டதுக்கே நான் பதில் சொல்லல."

அவள் அறைக்குத் திரும்பிப் போனாள். சபரிநாதன் வேலி ஓரத்தில் வெயிலில் நின்றான். எதிரே ஐந்து அறைகள். அதற்கு அப்பால் ஒரு வெற்றிடம், சிமெண்டுத் தளம் மட்டும் கரிந்து கிடந்தது. அதில் மறுபடி கட்டுவதற்கு இன்னும் அனுமதி வரவில்லை. அவன் அதைப் பார்த்தான். மூழ்கிய மரங்களின் உச்சிக் கிளைகளும் நீர்க்காகங்களும் ஏனோ அதன்மேல் தெரிந்தன. பச்சை விசிலை எடுத்து வாயில் வைத்தான். பிளாஸ்டிக்கில் வியர்வையின் உப்பு இருந்தது.

ஊதினான்.

கதவுகள் படபடவென்று அடித்துத் திறந்தன. ஆட்கள் தெறித்து ஓடினார்கள். சட்டம் சட்டமாகவே இருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசி அறை வாசலில் மட்டும் ஒருத்தி நின்றாள். வினோலியா. ஒரு கை செம்புத் தகட்டின்மேல் இருந்தது. கண் நேராக அவனைப் பார்த்தது.

"என்னண்ணே? என்ன ஆச்சு?"

சபரிநாதன் வாயைத் திறந்தான். இத்தனை மாதமாக எதைச் சொன்னானோ அந்த ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். ஓடு. அது வரவில்லை. விசில் கையில் இருந்தது. அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

முருகம்மாள் அதற்குள் பாதி தூரம் போயிருந்தாள். கேள்வி அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். நின்றாள். திரும்பக்கூடாது என்பது சட்டம். திரும்பினாள். நொண்டி நொண்டி வாசலுக்கே வந்து அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணும் இல்ல. பழக்கம் பாக்காக. வா" என்று சொல்லி வெளியே இழுத்துக்கொண்டு நடந்தாள்.

எத்தனை நொடி ஆனது என்று அவனுக்குத் தெரியாது. கடிகாரத்தை அவன் பார்க்கவில்லை.

வேலியோரம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சபரிநாதன் எண்ணினான். இருபத்திரண்டு. சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணினான்.